யார் வீட்டு ரத்தம்?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ். பக்கத்து சீட்டில் எனக்குத் தெரிந்த அக்கா. மூன்று முறை கரு கலைந்தவர். மடியில் ரிப்போர்ட் கவர்.

"இவ்ளோ நாள் ராசியில்லாதவன்னாங்க. இப்போ நோய்க்குப் பேர் தெரிஞ்சதும், 'இது உங்க வீட்டு ரத்தமா?'ன்னு மாமியார் கேக்குறாங்க."

தங்கைக்குச் சிதம்பரத்தில் வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பதுதான் அக்காவின் தவிப்பு.

நோயின் பெயர் ஆன்டிபாஸ்போலிப்பிட் சின்ட்ரோம். 1983இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் விவரித்தது. உடலின் எதிர்ப்புச் சக்தி உடலுக்கு எதிராகவே திரும்பி, ரத்தம் தேவையில்லாமல் உறையும். நஞ்சுக்கொடி பாதிக்கப்பட்டால் கரு தங்காது. ஆண்களுக்கும் இந்த நோய் வரும்.

மாமியாரின் கேள்வியை முழு மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. நம் உடல் எது, அந்நியம் எது என்று பிரித்தறிய உதவுபவை ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ மரபணுக்கள். அவற்றில் டிஆர்4, டிஆர்7 போன்ற வகைகளுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அதே வகைகளோடு எந்த நோயும் இல்லாமல் வாழ்பவர்கள் ஏராளம். மாமியாரிடமே இருக்கலாம். நோயை உறுதிசெய்ய மருத்துவர்கள் பார்ப்பதும் மரபணுவை அல்ல. ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளை, குறைந்தது 12 வார இடைவெளியில் இரண்டு முறை.

'எங்கிருந்து வந்தது' என்பது காரணம் பற்றிய கேள்வி. 'யார் மேல தப்பு' என்பது வேறு கேள்வி. தேர்ந்தெடுக்க வழியிருந்த இடத்தில்தான் தப்பு இருக்க முடியும். எச்எல்ஏவை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து வருகிறது. ராசி போய் ஜீன் வந்தாலும் பழி அதே பெண்ணின் தலையில் விழுகிறதென்றால், நாம் மாற்றியது வார்த்தையை மட்டும்தான்.

அப்படியானால் மறைத்துவிடலாமா? கூடப்பிறந்த இருவருக்கு எச்எல்ஏ முழுதாக ஒத்துப்போக நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒத்துப்போனாலும் நோய் வரும் என்றில்லை. ஆனால் நாளை தங்கை கருத்தடை மாத்திரை கேட்டுப் போனால், கருவுற்றால், மருத்துவர் குடும்ப வரலாற்றைத் தெரிந்திருப்பது நல்லது. ஆஸ்பிரின், ஹெப்பாரின் சிகிச்சையோடு பெரும்பாலான பெண்கள் குழந்தை பெற்றுக்கொள்கிறார்கள். வரன் முறிந்துவிடும் என்ற பயத்தில் இதை மறைத்தால் நஷ்டம் தங்கைக்குத்தான்.

எனவே தங்கையிடம் சொல்ல வேண்டும். சம்பந்தி வீட்டில்? மாப்பிள்ளையின் மரபணுவை யாரும் கேட்கவில்லையே. அங்கே சொல்வதா என்பதைத் தங்கைதான் முடிவுசெய்ய வேண்டும். அக்காவோ அம்மாவோ அல்ல.

இதைத்தான் அக்காவிடம் சொன்னேன். "சொல்றது சுலபம்டா" என்றார். உண்மைதான். சிதம்பரத்தில் இறங்கும்போது கவரைப் பைக்குள் வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.