முதல் சொல் யாருடையது?

2025 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். விடுமுறையைக் கழிக்க டெக்சஸ் மாநிலத்தின் மலைப்பகுதிக்குக் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் குவாடலூப் ஆற்றங்கரையில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். பொழுது விடிவதற்குள் ஆறு 45 நிமிடங்களில் 26 அடி உயர்ந்துவிட்டது. அந்த மலைகளில் மண் மெல்லியது. அடியில் சுண்ணாம்புப் பாறை. பெய்த மழையைக் குடிக்க நிலத்துக்குத் திராணி இல்லாததால், தண்ணீர் சரிவுகளில் வழிந்து அப்படியே ஆற்றில் கொட்டியது. மாநிலம் முழுவதும் 130-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கெர் என்ற ஒரே வட்டாரத்தில் உயிரிழந்தவர்கள். ‘கேம்ப் மிஸ்டிக்’ என்ற கிறித்தவக் கோடை முகாமில் மட்டும் சிறுமிகளும் அவர்களுக்குத் துணையாக இருந்த இளம்பெண்களுமாக 27 பேர்.

ஈரம் காயும் முன்பே உதவிக்கு ஆட்கள் வந்து இறங்கினார்கள். மஞ்சள் சட்டைக்காரர்கள், 1967-இல் பாப்டிஸ்ட் சபையினர் தொடங்கிய ‘டெக்சன்ஸ் ஆன் மிஷன்’ அமைப்பின் தொண்டர்கள். ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் ‘சமாரிட்டன்ஸ் பர்ஸ்’ அமைப்பிலிருந்து வந்தவர்கள். இவர்கள் செய்யும் வேலைக்கு ‘மட் அவுட்’ என்று பெயர். சேற்றை வாரிக் கொட்டுவது, ஊறிப்போன மெத்தையையும் சோபாவையும் தெருவுக்குத் தூக்கி வருவது, தண்ணீர் ஏறிய மட்டத்துக்கு மேல்வரை ஜிப்சம் சுவரைப் பெயர்த்தெடுப்பது, சுவருக்குள் இருக்கும் மரச்சட்டங்களில் பூஞ்சைக்கொல்லி தெளித்துக் காயவிடுவது. கூலி கொடுத்து ஆள் வைத்தால் பெருந்தொகை ஆகும். இவர்கள் ஒரு காசு வாங்குவதில்லை.

வேலை முடிந்த பிறகு சமாரிட்டன்ஸ் பர்ஸ் குழுவினர் ஒன்று செய்வது வழக்கம். அந்த வீட்டில் உழைத்தவர்கள் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு விவிலியத்தை வீட்டுக்காரரிடம் கொடுக்கிறார்கள், அவருக்காக ஜெபிக்கிறார்கள்.

அந்தப் புத்தகம் அன்பளிப்பா, விலைச்சீட்டா? சமயத்தின் பெயரால் உதவ வருகிறவர், உதவும் இடத்தில் தம் சமயத்தைப் பேசலாமா?

கூடாது என்பவர்களின் வாதம் வலுவானது. வீடு போய், உறவு போய், மாற்றுத் துணிக்குக்கூட வழியில்லாமல் நிற்பவருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் சுதந்திரம் பெயரளவில்தான் இருக்கிறது. சோறு போடுகிறவர் கையைக் கூப்பச் சொன்னால் கூப்பத்தான் தோன்றும். அந்தக் கூப்புதலில் நம்பிக்கை எவ்வளவு, பசி எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, இந்தோனேசியாவின் ஆச்சேயில் பெற்றோரை இழந்த முஸ்லிம் குழந்தைகள் 300 பேரைக் கிறித்தவ இல்லம் ஒன்றில் சேர்க்க ஓர் அமெரிக்க அமைப்பு திட்டமிட்டது. செய்தி வெளிவந்து, இந்தோனேசிய அரசின் அனுமதியும் கிடைக்காமல்போகவே திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் குழந்தைகளின் கண்ணீரைத் துடைக்க நீண்ட கை, அவர்களுக்கு மிஞ்சியிருந்த கடைசி உடைமையையும் எடுத்துக்கொள்ளப் பார்த்தது.

இத்தகைய ஆபத்துகளை அறிந்தே 1994-இல் செஞ்சிலுவை இயக்கமும் பேரிடர் உதவி அமைப்புகளும் நடத்தை விதிகளை வகுத்தன. எந்த அரசியல் நிலைப்பாட்டையும் சமய நிலைப்பாட்டையும் வளர்க்க உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அவற்றின் மூன்றாவது விதி. அதை வகுத்தவர்களில் கத்தோலிக்கத் திருச்சபையின் காரித்தாஸ், லூத்தரன் உலகக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகியவையும் உண்டு. சமயம் வேண்டாதவர்கள் வெளியிலிருந்து திணித்த கட்டுப்பாடு என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

ஆனாலும் எதிர்த்தரப்பின் குரலைப் பொறுமையாகக் கேட்க வேண்டியிருக்கிறது. ஓய்வுபெற்ற ஒரு தச்சர், சொந்த விடுப்பில் வரும் ஒரு செவிலியர், விடியற்காலையில் எழுந்து ஆயிரம் பேருக்குச் சமைக்கும் ஒரு பாட்டி என்று இவர்களை வீட்டிலிருந்து கிளப்பி வந்தது அவர்களுடைய நம்பிக்கைதான். அதை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்பது, உழைப்பு மட்டும் போதும், நீ வேண்டாம் என்று சொல்வதாகும். சட்டையின் நிறத்துக்கும் நியாயம் உண்டு. பேரிடர்க் காலத்தில் திறந்து கிடக்கும் வீடுகளுக்குள் திருடர்களும் வருவார்கள், முன்பணம் வாங்கிக்கொண்டு மறையும் ஒப்பந்தக்காரர்களும் வருவார்கள். வந்திருப்பவர் யார், எந்த அமைப்பு என்பது தூரத்திலேயே தெரிவது வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு. கெர் போன்ற வட்டாரத்தில், தேவாலயத்துக்குப் போகும் ஒருவர் சேற்றின் நடுவில் நின்று தம்மோடு சேர்ந்து ஜெபிக்கும்படி கேட்கும்போது, விதியைக் காட்டி மறுப்பதும் ஒரு கொடுமைதான்.

ஆக, உதவி நடக்கும் இடத்தில் சமயம் இருக்கலாமா என்று கேட்டால் விடை கிடைக்காது. அந்தப் பேச்சை யார் தொடங்குகிறார் என்று கேட்டால் வழி தெரியத் தொடங்குகிறது.

இதற்குரிய பாடம் சமய மரபுகளுக்குள்ளேயே இருக்கிறது. விவிலியத்தில் வரும் யோபுவின் கதையில், பிள்ளைகளையும் செல்வத்தையும் பறிகொடுத்து உட்கார்ந்திருப்பவரைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கிறார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். துன்பத்துக்குக் காரணம் சொல்லப் புகுந்ததும்தான் பிழை செய்தவர்கள் ஆகிறார்கள். இந்தக் கதையிலிருந்து யூத மரபு ஒரு வழக்கத்தை வகுத்துக்கொண்டது: துக்க வீட்டுக்குப் போகிறவர், துக்கத்தில் இருப்பவர் பேசத் தொடங்கும்வரை வாய் திறக்கக் கூடாது.

மகளை இழந்த தாயிடம் ‘எல்லாம் கடவுளின் சித்தம்’ என்று சொல்வது, சொல்பவருக்கு ஆறுதலாக இருக்கலாம். கேட்பவளுக்கு, மகளைக் கொன்றது கடவுளே என்றுதான் கேட்கும். அதே நம்பிக்கை உடையவள் என்றால் வலி இன்னும் ஆழமாக இறங்கும். கேம்ப் மிஸ்டிக்கில் மாண்டவர்களின் குடும்பங்கள் பலவும் நம்பிக்கை உள்ளவை. ஒரே வேதத்தைப் படிப்பவர்களுக்கிடையேயும் முதல் சொல் இழந்தவருடையதே.

வேறு நம்பிக்கை உடையவர்களிடையே இது எப்படி நடக்கும் என்பதைப் பிலிப்பைன்ஸ் காட்டியிருக்கிறது. 2009 செப்டம்பர் 26 அன்று ‘ஒண்டோய்’ புயல், ஒரு மாதம் பெய்ய வேண்டிய மழையை மணிலாப் பகுதியில் ஒரே நாளில் கொட்டியது. மரிக்கினா ஆறு பெருகி வீடுகளின் கூரைவரை ஏறியது. அந்தக் கத்தோலிக்க ஊருக்கு உதவ வந்தது தைவானைச் சேர்ந்த ட்சு ச்சி என்ற பௌத்த அறக்கட்டளை. அவர்கள் சேற்றைத் தாங்களே அள்ளிவிட்டுப் போகவில்லை. ஊர்க்காரர்களுக்கு நாளொன்றுக்கு 400 பெசோ கொடுத்து, அவரவர் தெருவை அவரவரே சுத்தம் செய்ய ஏற்பாடு செய்தார்கள். குடும்பத்துக்கு உடனடிப் பணமும் கிடைத்தது. கைநீட்டி வாங்கினோம் என்ற கூச்சமும் குறைந்தது. பொருளை இரு கைகளாலும் ஏந்தித் தலைதாழ்த்திக் கொடுத்து, வாங்குபவருக்கு நன்றி சொல்வது ட்சு ச்சி தொண்டர்களின் வழக்கம். புத்தரைப் பற்றி ஒரு சொல் இல்லாமலே அதில் பௌத்தம் இருக்கிறது.

1966-இல் துறவி செங் யென் இந்த அறக்கட்டளையைத் தொடங்கியபோது, முப்பது இல்லத்தரசிகள் சந்தைக்குப் போகும் முன் நாள்தோறும் ஐம்பது காசு மூங்கில் குழாயில் போட்டுச் சேர்த்தார்கள். அந்த உண்டியல் மரிக்கினாவுக்கும் வந்தது. உதவி பெற்றவர்கள் அதில் சில்லறை போட்டார்கள். பலர் தொண்டர்களாகவும் ஆனார்கள். கத்தோலிக்கராகவே இருந்துகொண்டு.

இன்னொரு படி மேலே போன நிகழ்ச்சியும் உண்டு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் மாளா அருகே பள்ளிவாசலில் தண்ணீர் புகுந்திருந்தது. பக்ரீத் தொழுகைக்காகப் பக்கத்துக் கோயில் ஒன்று தன் மண்டபத்தைத் திறந்துவிட்டது. உதவியவர்கள் தங்கள் வழிபாட்டை யாரிடமும் கொண்டுபோகவில்லை. அடுத்தவரின் வழிபாட்டுக்குத் தங்கள் கூரையின் கீழ் இடம் கொடுத்தார்கள்.

இந்த வெளிச்சத்தில் டெக்சஸுக்குத் திரும்பினால், கையெழுத்திட்ட அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லலாம். வேலை முடிந்த பிறகு அது வருவதால் உதவிக்கு நிபந்தனை ஆகிவிடவில்லை. இது அதற்குச் சாதகமான செய்தி. ஆனால் நன்றிக்கடனும் ஒரு சுமைதான். சுவரெல்லாம் பெயர்த்துக் கொடுத்தவர்கள் சுற்றி நிற்கும்போது தலையாட்டாமல் இருக்க எல்லோராலும் முடியாது. அதனால் கொடுப்பதற்கு முன் கேட்டாக வேண்டும். ‘வேண்டாம்’ என்ற பதில் எளிதாக வாயில் வரும்படி கேட்டாக வேண்டும். குழந்தைகள் தனியாக இருக்கும் இடத்தில் கேட்கவே கூடாது. சாப்பாட்டு வரிசையிலும் பதிவுப் படிவத்திலும் சமயத்துக்கு இடமே இருக்கக் கூடாது.

கேட்ட விதம் சரியா என்பது அடுத்த நாள்தான் தெரியும். புத்தகமும் வேண்டாம், ஜெபமும் வேண்டாம் என்று வேலை முடியும் முன்பே ஒருவர் சொல்லிவிட்ட வீட்டில், மருந்து தெளிக்க வேண்டிய மரச்சட்டங்கள் இன்னும் பாக்கி இருக்கலாம். மறுநாள் காலை அதே ஆட்கள், சொன்ன நேரத்துக்கு, அதே முகத்தோடு பூஞ்சைக்கொல்லி தெளிக்கும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வாசலுக்கு வந்து நிற்க வேண்டும்.