மிதித்தவர்களின் பக்கம்

நாகசாகியில் ஒரு சிறிய காட்சியகம். கிறிஸ்துவின் உருவம் வார்த்த வெண்கலத் தகடு ஒன்று அங்கே மரச்சட்டத்தில் பதித்து வைக்கப்பட்டிருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கால்கள் பட்டு அந்த முகம் மழுங்கிப்போயிருந்தது. 1960களின் நடுவில் அங்கு வந்த ஜப்பானிய எழுத்தாளர் ஷூசாக்கு எண்டோவின் கண் போய் நின்றது சுற்றியிருந்த சட்டத்தின் மேல். அதில் கறுப்பாகக் கால்விரல் தடங்கள் அப்பியிருந்தன. டோக்கியோ திரும்பிய பிறகும் அந்தக் கறை அவரை விடவில்லை. மிதித்தவர்கள் யார்? மிதித்த நொடியில் அவர்கள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? 'மௌனம்' நாவல் பிறந்தது அந்தக் கேள்விகளிலிருந்துதான்.

அந்தத் தகட்டுக்கு 'ஃபுமியே' என்று பெயர். நம் முத்துக்குளித்துறைப் பரவர்களிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சேவியர், 1549இல் ஜப்பானுக்குப் போய்க் கிறிஸ்தவத்தை அறிமுகம் செய்தார். 1614இல் அரசு அதை நாடு முழுக்கத் தடை செய்தது. ஒளிந்திருக்கும் விசுவாசிகளைப் பிடிக்க அதிகாரிகள் கண்டுபிடித்த எளிய சோதனை, படத்தைத் தரையில் வைத்து மிதிக்கச் சொல்வது. கால் தயங்கினால் ஆள் அகப்பட்டான்.

மதத்தை விட மறுத்தவர்களுக்கு நாகசாகியில் ஒரு குழி காத்திருந்தது. உடம்பை இறுகக் கட்டி, கழிவு நிறைந்த குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். உயிர் சட்டென்று போய்விடாதபடி தலையில் சிறு கீறல் போட்டு இரத்தம் சொட்டவிடுவார்கள். 1633 அக்டோபரில் ஒரே நாளில் அப்படித் தொங்கவிடப்பட்டவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் நாகாவுரா ஜூலியான்; சிறுவனாக ஐரோப்பாவுக்குத் தூது போய்ப் போப்பாண்டவரைச் சந்தித்து வந்த ஜப்பானியக் குரு. இன்னொருவர் கிறிஸ்தோவாவ் ஃபெரெய்ரா, ஜப்பானில் இயேசு சபையின் தலைவராக இருந்த போர்த்துக்கீசியர். நாகாவுரா குழியிலேயே இறந்தார். 2008இல் திருச்சபை அவரை அருளாளராக அறிவித்தது. ஃபெரெய்ரா ஐந்து மணி நேரத்தில் மறுதலித்தார். பிறகு சவானோ சூவான் என்ற பெயரில், தன் பழைய மதத்தைச் சாடும் நூலும் எழுதினார்.

நாகாவுராக்களைப் பற்றித் திருச்சபையின் ஏடுகள் நிறையப் பேசும். ஃபெரெய்ராக்களைப் பற்றி அவமானத்தோடு ஓரிரு வரி. பெயர் தெரியாத குடியானவர்களைப் பற்றி அதுவும் இல்லை. தோற்றவனுக்கு வரலாற்றில்தான் இடமில்லை, இறைவனிடமுமா இல்லை? எண்டோவின் கேள்வி இதுதான்.

அவருக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. 1923இல் பிறந்தவர். பெற்றோர் பிரிந்த பின் அம்மா கத்தோலிக்கத்தைத் தழுவ, பையனும் ஞானஸ்நானம் பெற்றான். அந்த மதம் அம்மா போட்டுவிட்ட மேல்நாட்டு உடுப்பு மாதிரி, தன் உடம்புக்குப் பொருந்தவே இல்லை என்று பின்னாளில் பலமுறை சொன்னார். கழற்றி எறியவும் முடியவில்லை. போர்க்காலத்தில் அது எதிரி நாட்டு மதம். பிரான்சுக்குப் படிக்கப் போனால் அங்கே அவர் அந்நியர். 1960இல் காசநோய் முற்றி, இரண்டாண்டுக்கு மேல் மருத்துவமனை. மூன்று பெரிய அறுவைகள். ஒரு நுரையீரல் போயிற்று. பலவீனம் என்றால் என்ன என்பதை உடம்பே சொல்லித் தந்த நிலையில்தான் நாகசாகிப் பயணம் வந்தது.

உணர்ச்சி மட்டும் போதாதென்று அவருக்குத் தெரியும். ஹூபர்ட் சீஸ்லிக் என்ற ஜெர்மானிய இயேசு சபை வரலாற்றாசிரியரிடம் பாடம் கேட்டார். மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களின் கிராமங்களில் அலைந்தார். கதாநாயகனாக அவர் எடுத்துக்கொண்டவர் ஜுசெப்பே கியாரா. 1643இல் ஜப்பானில் இறங்கிப் பிடிபட்டு, மறுதலித்து, 1685இல் எடோவின் (இன்றைய டோக்கியோ) காவல் குடியிருப்பில் இறந்த சிசிலியக் குரு. நாவலில் அவர் ரொட்ரிகஸ் ஆனார். ஊர் போர்த்துகல் ஆயிற்று, வருகை சில ஆண்டு முன்னே நகர்ந்தது, ஃபெரெய்ரா அவருடைய ஆசிரியரானார். ஏடு தராத ஓர் உறவை எண்டோ வைத்தது காரணத்தோடுதான். முன்பின் தெரியாத ஒருவர் மறுதலித்தால் அது செய்தி. குருநாதர் மறுதலித்தால் சீடனின் காலடி நிலமே ஆடிப்போகும்.

வடிவத்திலும் இதே கணக்கு. முதல் நான்கு அத்தியாயங்கள் ரொட்ரிகஸ் எழுதும் கடிதங்கள். எல்லாம் 'நான்', எல்லாம் உறுதி. பிடிபட்டதும் 'நான்' பறிபோய் அவர் 'பாதிரியார்' ஆகிவிடுகிறார். கடைசியில் காவல் அதிகாரியின் நாட்குறிப்பு, உண்மை ஆவணத்தை எண்டோ தன் தேவைக்கு மாற்றி எழுதியது. பழைய நடையில் இருப்பதால் பலர் அதைப் புரட்டித் தள்ளிவிடுகிறார்கள் என்று அவருக்கு வருத்தம். ஏனென்றால் அதில்தான் கிச்சிஜிரோவிடம் ஒளித்து வைத்திருந்த கிறிஸ்தவச் சின்னம் அகப்படுகிறது. திரும்பத் திரும்பக் காட்டிக்கொடுத்து, திரும்பத் திரும்பப் பாவமன்னிப்புக் கேட்டு வரும் கோழை அவன். கெடுபிடி இல்லாத காலத்தில் பிறந்திருந்தால் தானும் நல்ல கிறிஸ்தவனாக வாழ்ந்து போயிருப்பேனே என்று புலம்புகிறான். கிச்சிஜிரோ நான்தான் என்றார் எண்டோ.

நாவலின் உச்ச இரவை ஒரு சத்தத்தின் மேல் கட்டியிருக்கிறார். இருட்டறையில் கிடக்கும் ரொட்ரிகஸுக்கு வெளியே யாரோ குறட்டை விடுவது கேட்கிறது. சாவை எதிர்நோக்கியிருக்கும் வேளையில் ஒரு காவலாளியின் கொழுத்த தூக்கம்! அவருக்குச் சிரிப்பு வருகிறது. ஃபெரெய்ரா வந்து சொல்கிறார்: அது குறட்டை இல்லை, குழியில் தொங்குபவர்களின் முனகல். அவர்கள் எப்போதோ மதத்தை விட்டுவிட்டார்கள். ஆனாலும் ரொட்ரிகஸ் மிதிக்கும் வரை அதிகாரிகள் அவர்களை வெளியே எடுக்கமாட்டார்கள். விடியும் நேரத்தில் தகட்டின் முன் நிற்பவருக்கு, தேய்ந்த அந்த முகமே மிதிக்கச் சொல்வதாகக் கேட்கிறது. கால் வைக்கிறார். சேவல் கூவுகிறது.

இங்கேதான் சண்டை மூண்டது. 1966இல் நூல் வெளிவந்து தனிசாக்கி பரிசு பெற்றது. ஒரு காலத்தில் அரசின் நெருக்கடியில் கொள்கையைக் கைவிட்ட இடதுசாரிகளின் கதையாக அதைப் பலர் படித்தார்கள். நாகசாகிக் கத்தோலிக்கர்களுக்கோ கோபம். மறுதலிக்கும்படி ஆண்டவரையே பேசவைக்க ஒரு எழுத்தாளருக்கு யார் உரிமை கொடுத்தது? தன் நாவல் இறைவனின் மௌனத்தைப் பற்றியது அல்ல, மௌனத்துக்குள் அவர் பேசுவதைப் பற்றியது என்று எண்டோ பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். கையெழுத்துப்படிக்கு அவர் வைத்த தலைப்பு 'வெயிலின் வாசனை'. பதிப்பகத்தார் சொல்லி மாற்றியது 'மௌனம்'. அதனால் வந்த தவறான வாசிப்பு என்று குறைபட்டார்.

பழைய தலைப்பே இருந்திருந்தாலும் ஒரு முடிச்சு அவிழ்ந்திருக்காது. நாவலின் முற்பகுதியில் மோக்கிச்சி, இச்சிசோ என்ற இரு கிராமத்தார் கடலோரத்தில் மரத்தூண்களில் கட்டப்பட்டு, அலை ஏறி இறங்க, நாள்கணக்கில் தவித்துச் சாகிறார்கள். ஏன் வாய் திறக்கவில்லை என்று ரொட்ரிகஸ் இறைவனைக் கேட்கத் தொடங்குவதே அவர்கள் சாவுக்குப் பிறகுதான். ஆனால் குரல் கேட்டது மிதித்த குருவுக்கு. மிதித்தவர்களுக்கு வரலாற்றில் இடம் தேடிய எண்டோ, தூணில் மாண்ட அந்த இருவருக்கும் ஏதாவது கேட்டதா என்பதை எழுதாமலே விட்டார்.