காட்டிக்கொடுப்பதா, காப்பாற்றுவதா?



சில நாட்களுக்கு முன் ஒரு தகப்பனார் அஸருக்குப் பிறகு என்னைத் தனியே அழைத்தார். மகன் இரவெல்லாம் கைப்பேசியில் வெளிநாட்டுக்காரர் ஒருவரின் பயானையே கேட்கிறான், மற்ற முஸ்லிம்களையெல்லாம் காஃபிர் என்கிறான் என்றார். "ஹஜ்ரத், யாரிடமாவது சொன்னால் பெத்த பிள்ளையைக் காட்டிக்கொடுத்ததாகிவிடாதா? சொல்லாவிட்டால்..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. அவருடைய அனுமதியோடுதான் இன்று இதைப் பேசுகிறேன்.

2019 ஏப்ரல் 21. ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் பெரிய ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது. 250க்கும் அதிகமானோர் இறந்தார்கள். முன்னின்று நடத்திய காத்தான்குடி ஜஹ்ரான் ஹாஷிம் பேசியது நம் தமிழில். முகநூலிலும் யூடியூபிலும் பேசினான். அவனைப் பற்றி இலங்கை முஸ்லிம்களே முன்கூட்டி அதிகாரிகளிடம் புகார் செய்திருந்தார்கள். ஏப்ரல் 4ஆம் தேதியே இந்திய உளவுத்துறையும் எச்சரிக்கை அனுப்பியது. 17 நாட்கள் இருந்தன! எச்சரிக்கை இருந்தும் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே 2019 ஜூனில், ஜஹ்ரானோடு முகநூலில் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்களின் கோயம்புத்தூர் வீடுகளில் தேசிய புலனாய்வு முகமை சோதனை நடத்தியது. பேசியவன் காத்தான்குடி, கேட்டவன் கோவை, பேச்சு சேமிக்கப்பட்ட கம்ப்யூட்டர் அமெரிக்காவில். ஆதாரம் வேண்டுமென்றால் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு முறைப்படி எழுதிக் கேட்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகிறது. இதை வேகப்படுத்தும் புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இலங்கை 2015இல் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை.

"இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, நமக்கென்ன?" என்று கேட்கலாம். ஹில்ஃபுல் ஃபுளூலை நினைத்துப் பாருங்கள். யமன் நாட்டு வியாபாரி ஒருவர் மக்காவில் சரக்கை விற்றார். வாங்கிய குறைஷித் தலைவர் காசு கொடுக்கவில்லை. வெளியூர்க்காரருக்குக் கேட்க நாதியில்லை. அப்போது அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் வீட்டில் கூடி, அநீதி செய்தவன் நம் ஆளாக இருந்தாலும் பாதிக்கப்பட்டவன் பக்கமே நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். நபித்துவத்துக்கு முன் நம் நாயகம் (ஸல்) அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும், அதற்கு அழைத்தால் ஏற்பேன் என்றார்கள். செய்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்கூட இல்லை!

நமக்கும் இந்த உதவி தேவைப்பட்டது. 2019 மார்ச் 15, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச். ஜும்ஆவுக்கு வந்த 51 பேரைக் கொன்றவன், அதை முகநூலில் நேரலையாகக் காட்டினான். இரண்டு மாதத்தில் பாரிஸில் பல நாடுகளும் கம்பெனிகளும் கூடி, இப்படிப்பட்டதைத் தடுப்பதாக உறுதி கொடுத்தன. நம் ஷஹீதுகளுக்காக உலகம் கூடியது சரி என்றால், நீர்கொழும்பு தேவாலயத்தில் இறந்த குழந்தைகளுக்காகக் கூடுவதும் சரிதான்.

ஆனால் என் மனதில் ஒரு முள் இருக்கிறது, மறைக்க மாட்டேன். முகநூலில் நட்பு வைத்ததும் குற்றம் செய்ததும் ஒன்றல்ல. ஒரு வீட்டில் சோதனை நடந்தால் தெருவே அந்தக் குடும்பத்தை ஒதுக்கிவிடுகிறது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று ஹுஜுராத் சூரா நமக்கு மட்டுமா சொல்கிறது? விசாரிப்பவருக்கும் அது நியாயம்தானே. நோட்டீஸ் வந்தால் ஓடி ஒளியாதீர்கள். வக்கீலோடு போங்கள். வசதியில்லாதவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

அந்தத் தகப்பனாருக்கு நான் சொன்னது இதுதான்: முதலில் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். கைப்பேசியைப் பிடுங்காதீர்கள், கூடவே கேளுங்கள். பிறகு ஆலிம்களிடம் அழைத்து வாருங்கள். ஆனால் ஓர் உயிருக்குத் தீங்கு செய்யும் பேச்சு அவன் வாயில் வந்துவிட்டால், போலீஸிடம் சொல்வது காட்டிக்கொடுப்பதல்ல. அநியாயம் செய்யும் சகோதரனுக்கு உதவி, அவன் கையைப் பிடித்துத் தடுப்பதுதான் என்று நாயகம் (ஸல்) அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இன்று மஃரிபுக்குப் பிறகு என் அறை திறந்திருக்கும். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பது வெளியே போகாது.