பர்ஜ் கொடுப்பதற்கு முன்

டெபியன் 12-இல் ஓடும் சர்வரை 13-க்கு ஏற்ற வேண்டும். பழைய மிச்சங்களை ஒழித்துவிட்டு ஏறச் சொல்கிறது வெளியீட்டுக் குறிப்பு. கட்டளைகள் இரண்டு மூன்று வரிதான். அவற்றுக்கு முன்னால் உட்கார்ந்து படிப்பதுதான் வேலை.

*

முதலில் சுலபமானவை. ஆப்ட் கேஷில் குவிந்து கிடக்கும் டெப் கோப்புகள். 'கிளீன்' என்றால் போய்விடும். வேண்டுமென்றால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அடுத்தது 'ஆட்டோரிமூவ்': எதற்கோ துணையாக வந்து, அது போன பிறகும் தங்கிவிட்ட லைப்ரரிகள், பூட் பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் பழைய கெர்னல்கள். பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு 'ஒய்' தட்டலாம்.

*

டிபிகேஜி பட்டியலில் ஒவ்வொரு வரியும் இரண்டு எழுத்தில் தொடங்குகிறது. 'ஐஐ' என்றால் பேக்கேஜ் இருக்கிறது. 'ஆர்சி' என்றால் நீக்கியாயிற்று, கான்ஃபிக் கோப்பு மட்டும் நிற்கிறது. மறதியால் அல்ல, டெபியனின் கொள்கையே அது. பேக்கேஜ் கிடங்கில் கிடைக்கும். ஈடிசி அடைவில் ஒருவர் தன் கையால் எழுதிய வரி வேறெங்கும் கிடைக்காது. அதையும் அழிக்க 'பர்ஜ்' என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

*

பிறகு வால் முளைத்த கோப்புகள். கான்ஃபிக்கை நாமும் மாற்றி, பேக்கேஜைப் பராமரிப்பவரும் மாற்றியிருந்தால், டிபிகேஜி நின்று கேட்கும். வெறுமனே என்டர் தட்டினால் நம்முடையதே நிற்கும். புதியது 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற பெயரில் பக்கத்தில் இருக்கும். புதியதை ஏற்றால் நம்முடையது 'டிபிகேஜி-ஓல்டு' ஆகிவிடும். எஸ்எஸ்எச் மாதிரிச் சிலவற்றில் 'யூசிஎஃப்-ஓல்டு'.

அந்த எஸ்எஸ்எச் கோப்பையே டிஃப் போட்டுப் பார்க்கலாம். பழையதில் 'பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் நோ' என்று ஒரு வரி. இப்போதையதில் அந்த வரி ஹேஷ் குறிக்குப் பின்னால் 'யெஸ்' என்று கிடக்கிறது. சாத்திய கதவு, புதியதை ஏற்ற அன்றைக்கே திறந்துகொண்டுவிட்டது. குப்பை என்று நினைத்த கோப்புதான் அதைச் சொல்கிறது. வரியை எடுத்து இப்போதையதில் போட்ட பிறகே அதை அழிக்கலாம்.

*

மிச்சம் எல்லாம் செத்தது அல்ல. என்ஜினெக்ஸின் 'சைட்ஸ்-எனேபிள்டு' அடைவுக்குள் காப்பி எடுத்து வைத்த பழைய கோப்பு, என்ன பெயரில் இருந்தாலும், புள்ளியில் தொடங்காதவரை, வாசிக்கப்படும். காப்பி என்று அதை வைத்தவருக்குத்தான் தெரியும், என்ஜினெக்ஸுக்குத் தெரியாது.

*

டெபியன் 12-இல் இருப்பது போஸ்ட்கிரெஸ் 15, டெபியன் 13-இல் 17. சர்வரை ஏற்றினாலும் தரவு தானாக இடம் மாறாது. 15-இன் அடைவிலேயே இருக்கும். போஸ்ட்கிரெஸ் 15-க்கு பர்ஜ் கொடுத்தால், தரவையும் அழிக்கவா என்று கேள்வி வரும். ஆர்சி வரிகளை மொத்தமாக பர்ஜ் செய்கிறவர் நிதானிக்க வேண்டிய இடம் இது.

*

கிடங்கில் இருப்பதைப் பார்க்காமலே வீசலாம். கை பட்டதைப் படித்துவிட்டுத்தான் வீச வேண்டும். வைத்துக்கொள்வதென்றால், ஏன் என்று மேலே ஒரு கமென்ட் வரி எழுதிவிடுவது நல்லது. அடுத்த பதிப்பு வர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். வரி அப்படியே இருக்கும், காரணம் யாருக்கும் நினைவிருக்காது.