கடல் கடந்த சாட்சியம்

பிழைப்பு நாடிக் கடல் கடப்பது நம் மக்களுக்குப் புதியதன்று. கடந்த பின் எழும் கேள்விகளே புதியவை. அவற்றுள் ஒன்று பார்வைக்கு மிகச் சிறியது. ஜும்ஆ உரைகளில் அதிகம் பேசப்படாதது. தாய்நாட்டில் முறையாகப் பெற்ற மோட்டார் ஓட்டும் உரிமத்தைக் குடியேறிய நாட்டில் எதுவரை செல்லுபடியானதாகக் கொள்வது? அந்த எல்லையைத் தாண்டியும் ஓட்டினால், அது அரசாங்கத்தின் ஏட்டில் மட்டும் பதியும் குற்றமா? அல்லாஹ்வின் முன்னிலையிலும் பதில் சொல்ல வேண்டிய ஒன்றா?

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். இந்திய உரிமம் உடைய ஒருவர், அங்கு வாழ வந்த நாள் தொட்டு 12 மாதங்கள் வரை அதைக் கொண்டே கார் ஓட்டலாம். அதன் பின் அவர் பயிலுநர் உரிமம் பெற்று, எழுத்துத் தேர்விலும் சாலைத் தேர்விலும் தேறியாக வேண்டும். ஆண்டு நிறைந்த நாள்வரை தகுதியுடையவர். மறுநாள் காலையில் சட்டத்தை மீறியவர். "ஒரே இரவில் கை மறந்துவிட்டதா? கண் மங்கிவிட்டதா? இருபதாண்டு ஓட்டிய எனக்கு இது வெறும் காகிதச் சடங்கு" என்று சொல்வோர் நம்மவரில் பலர். இக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. கேட்பவர் நல்ல ஓட்டுநராகவே இருக்கலாம். எனினும் அவர் எங்கே தவறுகிறார் என்பதைப் பார்க்க வேண்டும்.

மார்க்கம் அறிந்த எவருக்கும் இதைப் போன்ற ஒன்று முன்பே பழக்கம். பிரயாணிக்கு நான்கு ரக்அத் தொழுகை இரண்டாகச் சுருங்குகிறது. சென்ற ஊரில் பதினைந்து நாள் தங்குவதாக நிய்யத் வைத்தால் ஹனஃபி மத்ஹபின்படி அவர் முகீம், அதாவது ஊர்வாசி. ஷாஃபி மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க எண்ணினாலே சலுகை முடிந்தது. நிய்யத் வைத்த அந்த நொடியில் அவருடைய கால் வலி தீர்ந்துவிடவில்லை. பயணக் களைப்பும் அகன்றுவிடவில்லை. ஆயினும் "களைப்பு அப்படியே இருக்கிறதே, ஏன் நான்கு தொழ வேண்டும்?" என்று எவரும் வழக்காடுவதில்லை. மாறியது உடலன்று, அந்த ஊரோடு அவருக்குள்ள உறவு. விருந்தாளிக்குத் தரப்பட்ட சலுகை குடித்தனக்காரருக்கு இல்லை. பன்னிரண்டு மாதம் என்னும் கோடும் இவ்வகைப்பட்டதே. எங்காவது ஓரிடத்தில் கோடு இழுத்துத்தான் ஆக வேண்டும். அதை இரண்டு அடி தள்ளி இழுத்திருக்கலாமே என்று கேட்கலாம். கோடே வேண்டாம் என்பதற்கு அது நியாயமாகாது.

இனி, உரிமம் என்பதுதான் என்ன? அதைத் திறமை என்று எண்ணுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. திறமை கையிலும் கண்ணிலும் இருக்கிறது. உரிமம் அத்திறமைக்குப் பிறர் சொல்லும் சாட்சியம். சாலையில் எதிரே வருபவன் நம்மை அறியான். நாம் அவனை அறியோம். இருவரும் ஒருவரை ஒருவர் நம்பியே ஓர் அடி இடைவெளியில் கடந்து செல்கிறோம். அந்த நம்பிக்கைக்கு ஈடாக, "இவரைச் சோதித்துப் பார்த்தோம்" என்று அந்நாட்டு மக்களிடம் அவர்களுடைய அரசு சொல்லியிருக்கிறது. ஆகவே உரிமம் சட்டைப் பையில் இருந்தாலும், உள்ளபடியே அது எதிரே வருபவனுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு.

ஓர் ஊரின் சாட்சியம் மற்றோர் ஊரில் எப்போது செல்லும் என்பதை நம் ஃபிக்ஹு அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு காஜி மற்றொரு காஜிக்கு எழுதும் மடல் பற்றித் தனித் தலைப்பே ஃபிக்ஹு நூல்களில் உண்டு. மடல் வந்தது என்பதாலேயே அது ஏற்கப்படுவதில்லை. ஹனஃபி நூல்கள், அது இன்ன காஜியின் மடல்தான் என்று சாட்சிகள் உறுதி கூற வேண்டும் என்கின்றன. ஹத்து, கிஸாஸ் போன்ற கடுந்தண்டனை வழக்குகளில் அம்மடல் செல்லாது. எழுதிய காஜி, மடல் சேருமுன் இறந்துவிட்டாலோ பதவி நீங்கினாலோ அதன் வலிமை போய்விடும். எழுதியவர் பொய்யர் என்று இதற்குப் பொருளன்று. சொன்னவரைத் திரும்பக் கேட்க இயலாத இடத்தில் சொல்லுக்கு எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்ற கவலையே இந்த நிபந்தனைகளுக்குக் காரணம் என நாம் கருதுகிறோம்.

இன்றைய உலக ஒப்பந்தங்களும் இதே வழியில்தான் வந்திருக்கின்றன. 1949ஆம் ஆண்டு ஜெனீவாவிலும் 1968ஆம் ஆண்டு வியன்னாவிலும் நாடுகள் கூடிச் சாலைப் போக்குவரத்து ஒப்பந்தங்களைச் செய்தன. சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டுக்கு அவற்றில் இடமுண்டு. அச்சீட்டைத் தனி உரிமம் என்று நம்புவோர் உண்டு. அது அப்படிப்பட்டதன்று, தாய்நாட்டு உரிமத்தைப் பல மொழிகளில் பெயர்த்துச் சொல்லும் துணைச் சீட்டு. மடலோடு வந்த சாட்சியைப் போன்றது. மடல் இல்லையேல் அதற்குப் பேச்சில்லை. வியன்னா ஒப்பந்தம் வெளிப்படையாகவே ஒன்றைச் சொல்கிறது: உரிமம் பெற்ற பின் ஒருவர் தம் வழக்கமான வசிப்பிடத்தை மற்றொரு நாட்டுக்கு மாற்றிக்கொண்டால், அந்த நாடு அவருடைய பழைய உரிமத்தை ஏற்க வேண்டிய கடமை இல்லை. பிரயாணிக்கும் முகீமுக்கும் உள்ள அதே வேறுபாடுதான் இது.

மடலின் வலிமைக்கு அண்மைக் காலத்து உதாரணம் ஒன்றும் நினைவுக்கு வருகிறது. சஊதி அரேபியாவில் பெண்கள் கார் ஓட்டுவதற்கிருந்த தடை 2018 ஜூன் 24ஆம் தேதி நீங்கிற்று. அதற்கு முன்பே, ஜூன் 4ஆம் தேதி, பத்துப் பெண்களுக்கு அந்நாட்டு உரிமம் வழங்கப்பட்டுவிட்டது. அவர்கள் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, லெபனான் போன்ற அயல்நாடுகளில் முன்பே உரிமம் பெற்றவர்கள். கண்ணையும் கையையும் சுருக்கமாகச் சோதித்துவிட்டுப் பழைய உரிமத்துக்குப் புதியது கொடுத்தார்கள். சொந்த நாடு சாட்சி சொல்ல மறுத்த காலத்தில் அயல்நாடு சொல்லிய சாட்சியம் அவர்களுக்குக் கைகொடுத்தது.

இனி மார்க்கத்தின் தீர்ப்பு. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பைச் சேர்ந்த சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, 1993ஆம் ஆண்டு புரூணையில் கூடிய அமர்வில் இது குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஷரீஅத்துக்கு முரணாகாத போக்குவரத்து விதிகளைப் பேணுவது மார்க்கப்படி கடமை என்றது. மக்களின் நலன் அதில் அடங்கியிருப்பதைக் காரணமாகக் காட்டியது. முஸ்லிமல்லாத நாட்டில் இது பொருந்துமா என்று கேட்பவருக்கு நம் முன்னோரின் நூல்களிலேயே விடை உண்டு. அமான் பெற்று, அதாவது பாதுகாப்பு வாக்குப் பெற்று, பிறர் நாட்டில் நுழைந்தவர் அங்கே வஞ்சனை செய்வது ஹராம் என்று மத்ஹபுகள் ஒருமித்துச் சொல்கின்றன. இன்றைய விசா அந்த அமானின் இடத்தில் நிற்கிறது. அந்நாட்டு நிபந்தனைகளுக்கு ஒப்பித்தான் உள்ளே போகிறோம்.

இதைவிடக் கனமானது அடியார்களின் உரிமை. உரிமக்காலம் முடிந்தவர் ஓட்டிச் செல்லும்போது ஓர் உயிர் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கலாம். அல்லது கொடுத்ததை ஓட்டியவரிடமே திரும்பக் கேட்கலாம். ஐக்கிய அரபு அமீரகச் சட்டம் இறந்தவரின் வாரிசுகளுக்குரிய தியத்தை 2,00,000 திர்ஹம் என வகுத்தது. மாதச் சம்பளக்காரர் அதை எங்கிருந்து கொடுப்பார்? தாம் சிறந்த ஓட்டுநர் என்பது அந்த வாரிசுகளுக்கு ஒரு விடையாகுமா? அன்றியும், போலீசார் நிறுத்தும்போது "வந்து ஆறு மாதந்தான் ஆயிற்று" என்று ஒரு பொய்யும் சேர்ந்துகொள்கிறது. சட்டப்பிழை தனி, பொய் தனி. இரண்டுக்கும் தனித்தனியே கணக்குண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எல்லா நாட்டு மடல்களும் ஒரே கண்ணால் பார்க்கப்படுகின்றனவா? இல்லை. பிரிட்டன் சில நாடுகளின் உரிமங்களைத் தேர்வின்றியே மாற்றித் தருகிறது. ஆஸ்திரேலியா, ஜப்பான், சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து, தென்கொரியா ஆகியவை அப்பட்டியலில் உள்ளன, இந்தியா இல்லை. சாலையின் பக்கம் காரணம் என்பதற்கும் இடமில்லை. இந்தியாவும் பிரிட்டனும் இடப்பக்கம் ஓட்டும் நாடுகள்; சுவிட்சர்லாந்தும் தென்கொரியாவும் வலப்பக்கம் ஓட்டுபவை. வலப்பக்கத்தில் பழகியவருக்குத் தேர்வில்லை; இடப்பக்கத்தில் இருபதாண்டு ஓட்டியவருக்குத் தேர்வுண்டு. துபாயிலோ குடியிருப்பு விசா கிடைத்த உடனேயே உள்ளூர் உரிமம் தேவை. மலைப்பாதையில் லாரி ஓட்டி நரைத்த நம்மவர், பயிற்சிப் பள்ளியில் பதினெட்டு வயதுப் பையனுக்குப் பக்கத்தில் அமர்ந்து பாடம் கேட்கிறார். கட்டணம் பல மாதச் சேமிப்பை விழுங்குகிறது. மனம் புண்படாதா?

புண்படத்தான் செய்யும். நாடுகளின் அரசியலும் செல்வாக்கும் இப்பட்டியல்களில் கலந்திருக்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் குற்றம் முழுவதையும் கடலுக்கு அப்பால் வைத்துவிட்டுத் தப்ப முடியாது. டெல்லியில் உரிமம் பெறுவோரை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் நால்வர் ஓர் ஆய்வு நடத்தி 2007இல் வெளியிட்டார்கள். உரிமம் பெற்றவர்கள் சராசரியாக அரசுக் கட்டணத்தைப் போல் இருமடங்கு கொடுத்திருந்தார்கள். ஓட்டிக் காட்டும் தேர்வையோ பெரும்பாலோர் எழுதவே இல்லை. இடைத்தரகர் கையில் பணம் மாறியது. உரிமம் வீடு வந்து சேர்ந்தது. இதைப் படித்து வியப்படைபவர் நம் ஊர்களில் யார்? "தரகரிடம் கொடுத்தால் முடிந்தது" என்று தந்தையே மகனுக்குச் சொல்லித் தருகிறார்.

இங்கேதான் நாம் நிறுத்திப் பார்க்க வேண்டும். லஞ்சம் கொடுத்து உரிமம் வாங்குபவர் தம்மைப் பற்றிப் பொய்ச்சாட்சி சொல்ல ஓர் அதிகாரியைக் கூலிக்கு அமர்த்துகிறார். பொய்ச்சாட்சியைப் பெரும்பாவங்களுள் ஒன்றாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் எண்ணியிருக்க, நாம் அதைப் "பேப்பர் வேலை" என்று அழைக்கிறோம். அதன் விலையை அவர் மட்டும் கொடுப்பதில்லை. முறையாகக் கற்று, முறையாகத் தேறி, முறையாகக் கடல் கடந்த வேறொருவர் நீட்டும் மடலையும் அது செல்லாததாக்குகிறது. துபாய்ப் பள்ளியில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அந்த லாரி ஓட்டுநரின் சேமிப்பில் ஒரு பகுதி, ஊரில் யாரோ தரகரிடம் கொடுத்த பணத்தின் மீதிக் கணக்கு.

அந்நாடுகள் என்ன செய்யலாம்? நாட்டைப் பார்க்காமல் ஆளைப் பார்ப்பதே நீதி. சிங்கப்பூர், அயல்நாட்டுக் கார் உரிமம் உடையவரை அடிப்படை விதித் தேர்வில் தேறச் செய்து உரிமத்தை மாற்றித் தருகிறது. துபாய், 2023இல், பயிற்சி வகுப்புக்குப் போகாமலே ஒருமுறை நேராகத் தேர்வுக்கு வரும் வாய்ப்பை இந்தியர் உள்ளிட்டோருக்கு அறிவித்தது. தெரிந்தவர் ஓட்டிக் காட்டி உரிமம் பெறட்டும், தெரியாதவர் கற்கட்டும். இதில் அவமதிப்பும் இல்லை, ஏமாற்றுக்கும் வழியில்லை. பட்டியலைவிட இது நமக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

தேர்வு நாள் வரும்வரை என்ன செய்வது என்பது மட்டும் எஞ்சி நிற்கிறது. பிரிட்டனில் ஆண்டு முடிந்தும் தேறாதவர், பயிலுநர் என்பதைக் காட்டும் சிவப்பு 'எல்' பலகையைக் காரின் முன்னும் பின்னும் மாட்டிக்கொண்டு ஓட்டலாம். அருகே 21 வயது நிரம்பி, மூன்றாண்டுகளாக முழு உரிமம் வைத்திருக்கும் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். அங்கேயே வளர்ந்த மகன் அந்த வயதை எட்டியிருப்பான். ஊரில் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை இடப்பக்க இருக்கையில் அமர்ந்து, "வாப்பா, ரவுண்டானாவில் வலப்பக்கம் வருகிறவருக்கு வழி விடுங்கள்" என்று சொல்ல, தகப்பனார் வேகத்தைக் குறைக்கிறார்.