ஆஸ்திக்யமும் ஐயமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ப்ரஹ்மோத்ஸவ காலத்தில் எம்பெருமான் கருடாரூடனாய்த் திருவீதிக்கு எழுந்தருளும்போது, கூப்பிய கரங்களும் நீர் மல்கிய கண்களுமாய் ஆயிரக்கணக்கானோர் நிற்கின்றனர். அவர்களுக்கிடையே, வீட்டார் அழைத்தமைக்காக மட்டும் வந்து, திண்ணையோரமாய் ஒதுங்கி நிற்கும் சிலரும் உண்டு. கை கூப்பி நிற்பவர்களிலும் சிலருடைய உள்ளத்தில், வெளியே சொல்ல அஞ்சும் ஒரு கேள்வி எழுவதுண்டு: ‘இத்தனையும் யாருக்காக? அப்படி ஒருவன் மெய்யாகவே இருக்கின்றானா?’ இக்கேள்வி எழுந்த மாத்திரத்தில் ஒருவன் பாவியாகி விடுகின்றானா? நம்பிக்கையுடையவன் இதைக் கேட்டு அஞ்ச வேண்டுமா? பெருமாளை ஸேவிக்க வந்த அன்பர்கள் சற்றே நின்று சிந்திக்கத் தக்க விஷயம் இது.

கேள்வி பழையது

ஈச்வரனைப் பற்றிய ஐயம் இக்காலத்துப் படிப்பினால் வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. ஆஸ்திகன், நாஸ்திகன் என்னும் இரு சொற்களும் எவ்வாறு பிறக்கின்றன என்பதைப் பாணினி முனிவரே தம் வ்யாகரணத்தில் நான்காம் அத்தியாயத்தின் நான்காம் பாதத்தில் விதித்திருக்கின்றார். ‘உண்டு’ என்னும் மதியுடையவன் ஆஸ்திகன். ‘இல்லை’ என்னும் மதியுடையவன் நாஸ்திகன். இலக்கணம் வகுத்தவர் இச்சொற்களுக்கு விதி செய்ய வேண்டியிருந்தது என்றால், அன்றே இவ்விரு சாராரும் நாட்டில் இருந்தனர் என்பது வெளிப்படை.

கண்ணால் கண்டதே பிரமாணம் என்ற சார்வாகர்கள் ஒரு பக்கம். அவர்களுடைய மூல நூல்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அம்மரபோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜயராசியின் ‘தத்த்வோபப்லவ ஸிம்ஹம்’ என்னும் நூல் 1940-ஆம் ஆண்டில்தான் பரோடாவில் அச்சேறியது. எனினும் அவர்களுடைய கொள்கை இன்றளவும் தெரிந்திருக்கின்றது. எதனால்? அதை மறுத்த ஆஸ்திகர்களே தம் நூல்களில் அதைப் பூர்வபக்ஷமாக எழுதி வைத்ததனால்! மற்றொரு பக்கம் மீமாம்ஸகர்கள். வேதத்தைத் தலைமேல் கொண்ட குமாரில பட்டரே, உலகைப் படைத்த ஈச்வரன் ஒருவனை ஒப்புக்கொள்ளாமல் வாதம் செய்தார். ஆகவே, ஈச்வரனைப் பற்றி வினவுவது வேதத்திற்குப் புறம்பானவர்களின் வேலை மட்டும் என்று ஒதுக்கிவிட இயலாது.

நையாயிகரின் வழி

இவ்வையத்தை யுக்தியாலேயே வென்றுவிடலாம் என்று புறப்பட்டவர்கள் நையாயிகர்கள். அவர்களுள் தலைசிறந்தவர் மிதிலை நாட்டு உதயநாசார்யர். ஈச்வரனை ஸாதிப்பதற்கென்றே ‘ந்யாயகுஸுமாஞ்ஜலி’ என்னும் நூலை இயற்றினார். குடம் ஒரு காரியம். அதற்குக் குயவன் என்னும் கர்த்தா உண்டு. உலகமும் அவயவங்களோடு கூடிய காரியமே. ஆகவே அதற்கும் ஒரு கர்த்தா உண்டு. அவனே ஈச்வரன். இதுவே அவ்வனுமானத்தின் சுருக்கம்.

இவரைக் குறித்து ஒரு கதை வழங்குகின்றது. பூரி ஜகந்நாதனை ஸேவிக்கச் சென்றபோது திருக்கதவம் சாத்தியிருந்ததாம். ‘செருக்குற்று என்னை மதியாதிருக்கின்றாய்; பௌத்தர்கள் வாதத்திற்கு வரும்போது நீ இருப்பது என்னைப் பொறுத்தன்றோ!’ என்று அவர் பெருமானையே கடிந்துகொண்டாராம். பக்தனுக்குரிய உரிமையும் தர்க்க பண்டிதனுக்குரிய பெருமிதமும் இக்கதையில் கலந்திருக்கின்றன. கேட்பவர்கள் சிரித்து மகிழ்வர். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. பெருமானின் இருப்பு ஒரு பண்டிதனின் வாதத்தைச் சார்ந்து நிற்குமானால், அவனைவிடப் பெரிய பண்டிதன் எதிர்ப்பக்கத்தில் வந்தால் என்னாகும்?

எம்பெருமானார் செய்த வியப்பு

இவ்விடத்தில்தான் ஸ்வாமி இராமாநுஜரின் பெருந்தன்மை விளங்குகின்றது. ப்ரஹ்ம ஸூத்ரத்தின் முதல் அத்தியாயம், முதல் பாதம், மூன்றாம் ஸூத்ரத்திற்கு ஸ்ரீபாஷ்யத்தில் அவர் அருளிய உரையைக் கற்போர் முதலில் திகைப்படைவர். ஈச்வரனை நிலைநாட்டும் அனுமானத்தை மறுப்பவர் நாஸ்திகராக இருப்பார் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் அங்கே அதை மறுப்பவர் எம்பெருமானாரே!

அவருடைய யுக்திகள் கூர்மையானவை. குடம் செய்யப்பட்டதைப் பலர் கண்டிருக்கின்றனர். மலையும் கடலும் ஒரே காலத்தில் ஒருவனால் செய்யப்பட்டதைக் கண்டவர் யார்? உலகம் குடத்தைப் போல் ஒரே பொருளன்று. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கர்த்தாக்களால் ஆகியிருக்கலாமே? மேன்மேலும் புண்ணியமும் ஆற்றலும் பெற்ற ஜீவர்களே செய்திருக்கலாகாதா? உலகில் காணும் கர்த்தாக்கள் எல்லாரும் சரீரமுடையவர்கள். சரீரமின்றிச் செய்பவனை எங்கே கண்டது? இவ்வாறு அடுக்கடுக்காக வினவி, அனுமானத்தால் ஸர்வஜ்ஞனும் ஸர்வசக்தனுமான ஒருவனை நிலைநாட்ட இயலாது என்று முடிக்கின்றார்.

ஏன் இவ்வாறு செய்தார்? இரண்டு காரணங்கள் புலனாகின்றன. முதலாவது, அனுமானம் கண்டதைக் கொண்டே காணாததை அறிவது. குயவனைக் கொண்டு அளந்தால், கிடைப்பவன் மிகப் பெரியதொரு குயவனே அன்றி, ஆழ்வார்கள் உருகி நின்ற கல்யாண குணக் கடலான பரமன் அல்லன். இரண்டாவது, பொய்யான தூண் ஒன்றைத் தாங்கலாக வைத்த வீடு, அத்தூண் சரியும் நாளில் தானும் சரியும். மெலிந்த யுக்தியால் நம்பிக்கையைக் காப்பவன், அதை ஆபத்துக்கு உள்ளாக்குகின்றான். ஐயமுடையவன் ஒரு யுக்தியின் குறையைச் சுட்டினால், ‘ஆம், அது குறைவுடையதே’ என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை ஆஸ்திகனுக்கு இருத்தல் வேண்டும். அந்நேர்மையை ஆசார்யரே கற்பித்திருக்கின்றார்.

அப்படியானால் எவ்வாறு அறிவது?

சாஸ்த்ரமே பிரமாணம் என்பது ஸ்ரீபாஷ்யத்தின் முடிவு. உடனே ஐயமுடையவன், ‘சாஸ்த்ரத்தை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?’ என்று வினவுவான். நியாயமான வினாவே அது. இதற்குப் பெரியோர் சொல்லும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தன் தந்தை இன்னார் என்பதைப் பிள்ளை தாயின் சொல்லைக் கொண்டே அறிகின்றான் என்பர். ‘இக்காலத்தில் மரபணுச் சோதனை உண்டே’ என்று இளைஞர் மறுத்துரைக்கலாம். உண்மைதான், எடுத்துக்காட்டு அந்த அளவில் மெலிகின்றது. ஆயினும் அதன் உட்கருத்து மெலியவில்லை. சோதனை முடிவு வந்த பிறகே தாய் மடியில் அமர்வேன் என்று எந்தக் குழந்தையும் காத்திருப்பதில்லை. வாழ்க்கையின் மிகப் பெரிய அறிவுகள் முதலில் நம்பத்தகுந்தவர் சொல்லாக வந்து, பின்னர் வாழ்ந்து அறியப்படுகின்றன.

சாஸ்த்ரமும் கேட்பதோடு நிற்கச் சொல்லவில்லை. ச்ரவணம், மநநம், நிதித்யாஸநம் என மூன்று படிகள் கூறப்பட்டன. நடுவிலுள்ள மநநம் என்பது யுக்தியால் ஆராய்தல். ஐயத்திற்கு இடமில்லையாயின் மநநத்திற்கு என்ன வேலை? முடிவான தியானம் இடையறாத நினைவாகி, நேரில் காண்பதற்கு ஒப்பான தெளிவைப் பெறுகின்றது என்பது எம்பெருமானாரின் திருவுள்ளம். அந்தத் தெளிவை வாதத்தில் எடுத்துக் காட்ட இயலாது. நடந்து சென்றே அடைய வேண்டும். நடவாதவனுக்கு அது பிரமாணமாகாது என்பதையும் ஆஸ்திகன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நடக்காமலே ‘அவ்வூர் இல்லை’ என்பதும் முடிந்த முடிபாகாது.

ஜாபாலியின் கதை

ஐயத்தில் இரண்டு வகை உண்டு என்பதை ஸ்ரீமத் ராமாயணம் காட்டுகின்றது. சித்ரகூடத்தில் ஜாபாலி என்னும் அந்தணர், பரலோகம் என ஒன்றில்லை, தந்தைக்குக் கொடுத்த வாக்கால் பயனில்லை, இங்கிருப்பவன் உண்ணும் ச்ராத்த உணவு மறைந்தவனைச் சேருமாயின் வழிப்போக்கர்களுக்கும் அவ்வாறே அனுப்பலாமே என்றெல்லாம் பேசி, அரசை ஏற்றுக்கொள்ளுமாறு பெருமாளை வற்புறுத்தினார். இராமபிரான் மிகக் கடுமையாகவே மறுமொழி கூறினான். ஆனால் அம்மறுமொழி ஈச்வரனை ஸாதிக்கும் தர்க்கமாக அமையவில்லை. ஸத்யத்தின் பெருமையையே அவன் எடுத்துரைத்தான். கொடுத்த வாக்கைக் கைவிட்டால் உலகம் எதில் நிற்கும் என்பதே அவன் வினா. பிறகு ஜாபாலி, இராமனைத் திருப்பி அழைத்துச் செல்லவே அவ்வாறு பேசியதாகக் கூறினார். வஸிஷ்டரும் அதனையே எடுத்துச் சொல்லிக் கோபத்தைத் தணித்தார்.

இங்கு உணர வேண்டியது என்ன? ஜாபாலியின் ‘இல்லை’ உண்மையைத் தேடிப் பிறந்ததன்று. ஒரு கடமையினின்று தப்புவிக்கக் கருவியாக எடுத்தாளப்பட்டது. கடிந்துரைக்கத் தக்கது அதுவே. இவ்வளவுகோல் ஆஸ்திகனுக்கும் பொருந்தும். செய்த பிழையை உண்டியலில் இட்ட காணிக்கையால் மறைக்க நினைப்பவனுடைய ‘உண்டு’ என்னும் சொல்லும் அத்தகைய கருவியே. சௌகரியத்திற்காக ‘இல்லை’ என்பவனுக்கும், சௌகரியத்திற்காக ‘உண்டு’ என்பவனுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. மனமறிய ஐயுற்று, வாக்குத் தவறாது வாழ்பவன் இருவரினும் மேலானவன்.

துயரில் எழும் ஐயம்

ஆயினும் ஐயம் பெரும்பாலும் நூல்களைப் படித்து எழுவதில்லை. மகனை இழந்த தாய், ‘இவன் இருந்தால் இப்படி நடக்குமா?’ என்று ஸந்நிதியிலேயே கேட்கின்றாள். எம்பெருமானுக்குப் பக்ஷபாதமோ கருணையின்மையோ இல்லை, அவரவர் கர்மத்தை அனுஸரித்தே பலன் அமைகின்றது என்று ப்ரஹ்ம ஸூத்ரம் இரண்டாம் அத்தியாயத்தில் விடை கூறுகின்றது. தத்துவத்திற்கு அவ்விடை உரியது. ஆனால் அழுகின்றவள் முகத்தை நோக்கி, ‘உன் கர்மம்’ என்று சொல்லுவதற்காக அந்த ஸூத்ரம் ஏற்படவில்லை. கர்ம விசாரம் தன்னைத்தான் சோதித்துக் கொள்வதற்கு. பிறர் புண்ணைக் குத்துவதற்கு அன்று. அவளுடைய கேள்வியும் அவனை நோக்கியே எழுகின்றது என்பதை அருகில் நிற்பவர்கள் மறத்தலாகாது.

கூரத்தாழ்வானின் சரிதம் இங்கு நினைக்கத் தக்கது. ஆசார்யனைக் காக்கும் பொருட்டு அவர் வேடத்தில் சோழன் சபைக்குச் சென்று, தம் திருக்கண்களை இழந்தார் அவர். அதற்குக் காரணமாய் இருந்தவன் நாலூரான். பின்னாளில் காஞ்சி வரதனைத் துதித்து வரம் வேண்டும்படி எம்பெருமானார் பணித்தபோது, ஆழ்வான் கண்களைக் கேட்கவில்லை. தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்று கேட்டார் என்று குருபரம்பரை கூறும். ஈச்வரன் உண்டு என்பதற்கு இது தர்க்கரீதியான பிரமாணம் ஆகாது. ஆனால் நம்பிக்கை என்பது எத்தகைய மனிதனை உண்டாக்க வல்லது என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சி வேண்டுவதில்லை. ஐயமுடையவன் ஆஸ்திகனிடம் காண விரும்புவது பெரும்பாலும் இதையே, வாதத்தை அன்று.

‘இல்லை’ என்பவனும் எங்கே நிற்கின்றான்?

நம்மாழ்வார் திருவாய்மொழியின் முதற்பதிகத்து ஒன்பதாம் பாசுரத்தில் இவ்விரு கட்சிகளையுமே எடுத்துக்கொள்கின்றார். எல்லாம் சூனியம் என்னும் வாதியை நோக்கியது அப்பாசுரம் என்பது வ்யாக்யாதாக்களின் திருவுள்ளம். ‘குடம் இல்லை’ என்றால், மண்ணாகவோ ஓடாகவோ வேறிடத்திலோ இருக்கின்றது என்பதே பொருள். இன்மை என்பதும் ஓர் இருப்பின் மற்றொரு நிலை. ஆகவே எப்பக்கம் சொன்னாலும் அவனைக் கடந்து நிற்க வழியில்லை என்பது கருத்து. இதனால் ஐயமுடையவன் வாயடைத்துப் போவான் என்பதில்லை. ஆஸ்திகனே கற்க வேண்டிய பாடம் இது. அனைத்தும் அவனுக்குச் சரீரம் என்பது ஸித்தாந்தமானால், ‘அவன் இல்லை’ என்று சொல்லும் நாவும் அவனுடைய சரீரத்திலேயே அடங்கும். தன் சரீரத்தில் ஓர் அங்கத்தை எவன் வெறுப்பான்?

ஸந்நிதிக்குள் வாராதவர்களுக்காகவே எம்பெருமான் வீதிக்கு எழுந்தருளுகின்றான் என்பர் பெரியோர். திருவீதியில் அவன் நம்புகின்றவன் யார், ஐயுறுகின்றவன் யார் என்று பிரித்து நோக்குவதில்லை. திண்ணையோரம் ஒதுங்கி நிற்பவன் மீதும் அத்திருக்கண்கள் படுகின்றன. அவனை ஏளனமாகப் பார்க்காமல், சிறிது விலகி இடம் கொடுத்து, தீர்த்த ப்ரஸாதத்தை அவன் கையிலும் சேர்ப்பது பக்தர்களின் கடமை. அவன் வினாவுக்கு விடை அளிக்கும் பொறுப்பைப் பெருமானிடமே விட்டுவிடலாம்.

எம்பெருமான் திருவடிகளே சரணம்.