கொன்றதைச் சுமப்பவர் யார்?

உண்பதற்காக ஓர் உயிரைக் கொல்லலாமா என்பது மிகப் பழைய வினா. சமணம் அதற்குத் தந்த விடை ஒன்று. விவிலியம் தந்த விடை வேறொன்று. வெள்ளப்பெருக்கிற்குப் பின் நோவாவின் மக்கள் விலங்குகளையும் உணவாகக் கொள்ள இறைவன் இசைந்தார் என்று தொடக்கநூலின் ஒன்பதாம் அதிகாரம் கூறுகிறது. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், உணவுக்கும் உடைக்கும் விலங்குகளைப் பயன்படுத்துவது முறையே என்று 2417ஆம் எண்ணில் சொல்லி, தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரண் என்று அடுத்த எண்ணிலேயே எல்லை வகுக்கிறது. ஆகவே இவ்வினா முடிந்துபோன ஒன்று என நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆயினும் அதனுள் இன்னொரு வினா உறைந்து கிடக்கிறது. கொல்லலாம் என்றே வைத்துக்கொள்வோம்; கொன்றதைச் சுமப்பவர் யார்?

நெமிலிச்சேரியில் பிறந்து வளர்ந்து, இன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் எழுதிய கடிதமே இச்சிந்தனைக்குத் தூண்டுகோல். உடன் பணிபுரிவோர் அவரை மலைக்காட்டு மான் வேட்டைக்கு அழைத்திருக்கிறார்கள். இது அவருக்கு முதல் வேட்டை. 'எல்க்' என்று அங்கு வழங்கப்பெறும் அந்த மான், நம் மலைகளில் வாழும் கடமானுக்கு உறவுடையது. வளர்ந்த ஆண்மான் 300 கிலோவுக்கு மேலும் எடை கொள்ளும். அங்கே உரிமம் பெற்று, உரிய பருவத்தில் அதனை வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது. "போகலாமா, சாமி?" என்பதே அவரது கேள்வி.

அக்கடிதத்தில் என்னை வியப்பில் ஆழ்த்தியது அவர் விவரித்த ஆயத்தம். வேட்டைக்கல்விச் சான்றிதழ் இன்றி அங்கு உரிமம் கிடையாது. குறி தவறினால் விலங்கு காயத்தோடு ஓடிப் பல நாள் துன்புற்று மடியும் என்பதால், மாதக்கணக்கில் சுடும் பயிற்சி வேண்டும். காற்றின் திசையறியாதவன் மானை நெருங்க முடியாது. மோப்பத்தாலேயே அது விலகிவிடும். இவற்றையெல்லாம்விட, முதுகில் சுமையேற்றி மலையேறிப் பழகுவதற்கே அவர்கள் மிகுதியான நாள்களைச் செலவிடுகிறார்கள். காரணம் எளிது. மான் விழுந்த இடத்திற்கு வண்டி வராது. அந்த இடத்திலேயே தோலுரித்து, பின்தொடைகள், முன்னங்கால் சப்பைகள், முதுகுக்கறி, கழுத்துக்கறி எனப் பிரித்து, காற்றுப் புகும் துணிப்பைகளில் இட்டு, சூடு தணிய மரநிழலில் தொங்கவிட வேண்டும். சூடு தணியாத இறைச்சி விரைவில் கெட்டுவிடும். பின்னர் ஒரு நடைக்கு 25 அல்லது 30 கிலோ வீதம் முதுகில் ஏற்றி இறங்க வேண்டும். சாலை 5 கிலோமீட்டர் தொலைவில் இருக்க, தனியொருவர் ஐந்து நடையாகச் சுமப்பதானால், இறங்கியும் ஏறியும் அவர் நடக்கும் தூரம் 45 கிலோமீட்டர். அதனால்தான் பழகிய வேட்டைக்காரர்கள் புதியவருக்குச் சொல்லும் முதல் அறிவுரை, சுமந்து வர இயலாத இடத்தில் நிற்கும் மானைச் சுடாதே என்பதாக இருக்கிறது.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் அழுகவிடுவது அந்நாட்டின் மேற்கு மாநிலங்களில் தண்டனைக்குரிய குற்றம். அலாஸ்காவில், மூஸ் போன்ற பெரிய மானினங்களை வேட்டையாடுவோர் இறைச்சியை வெளியே கொண்டுவந்து சேர்ப்பதற்கு முன் கொம்பை எடுத்துச்செல்லக் கூடாது என்ற விதியே உண்டு. கொம்பு பெருமைக்குரியது, இறைச்சி கடமைக்குரியது. கடமையை முதலில் சுமந்து முடித்தவனுக்கே பெருமையைச் சுமக்க உரிமை உண்டு என்று ஓர் அரசு சட்டமியற்றியிருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நம் நாட்டில் இத்தகைய கேள்விக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991இல் வந்த திருத்தமும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அது நல்லதே. ஆனால் வேட்டை என்பது நம் கண்ணுக்கு எட்டாத ஒன்று என்று எண்ணிவிட வேண்டாம். நெமிலிச்சேரியிலிருந்து திருநின்றவூர், திருவள்ளூர் என மேற்கு நோக்கிச் சென்றால், ஏரிக்கரைகளிலும் வயலோரங்களிலும் இருளர் குடியிருப்புகளைக் காணலாம். சட்டம் காக்கும் விலங்குகளின் பட்டியலில் வயல் எலி இல்லை. எனவே எலி வேட்டை அவர்களிடம் இன்றும் எஞ்சி நிற்கிறது.

அவ்வேட்டைக்கும் ஆயத்தம் உண்டு. அது பிள்ளைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. வளையின் வாயில் கிடக்கும் மண் புதியதா, பழையதா என்று பார்த்து, உள்ளே எலி உண்டா இல்லையா எனச் சொல்லச் சிறுவர்கள் கற்கிறார்கள். ஒரு வளைக்குப் பல வாய்கள் இருக்கும். மற்றவற்றை அடைத்துவிட்டு ஒன்றைத் தோண்ட வேண்டும். அல்லது வைக்கோல் அடைத்த மண்பானையில் தீமூட்டி, அதன் துளையில் வாய்வைத்து ஊதி, புகையை உள்ளே செலுத்த வேண்டும். ஊதுபவரின் நுரையீரலுக்குள்ளும் அப்புகை செல்கிறது. உதடும் கையும் சுடுவதுண்டு. 2000க்குப் பின் தொண்டு நிறுவனம் ஒன்று கையால் சுழற்றும் எஃகுப் புகைக்கருவியை ஆக்கித் தந்து இத்துன்பத்தைக் குறைக்க முயன்றது. வளைக்குள் எலிக்குப் பதில் பாம்பு இருப்பதும் உண்டு. இத்தனைக்கும் பிறகு கிடைப்பவை சில எலிகளும், அவை பதுக்கி வைத்த நெற்கதிர்களும். அந்த நெல்லையும் விடாது அள்ளி, மண் போகக் கழுவி, உலர்த்திக் குத்தி உண்கிறார்கள். உழவருக்கு விளைச்சல் மிஞ்சுகிறது. வேட்டையாடியவருக்கு இரவு உணவு கிடைக்கிறது. கொன்றவரும், சுமந்தவரும், சமைத்தவரும், உண்டவரும் ஒரே குடும்பத்தார்.

ராக்கி மலையில் எல்க் மானைச் சுமந்து இறங்குபவருக்கும், திருவள்ளூர் வயலில் எலியைச் சுமந்து வீடு திரும்பும் இருளருக்கும் இடையே செல்வத்தால் பெரிய இடைவெளி உண்டு. முன்னவருக்கு அது விருப்பம். பின்னவருக்கு அது பசி. ஆயினும் ஒன்றில் இருவரும் ஒப்பர். தாம் எடுத்த உயிரின் பாரத்தைத் தம் உடலாலேயே உணர்கிறார்கள். தோள் தாங்கும் அளவுக்கு மேல் அவர்களால் கொல்ல இயலாது. சுமையே அவர்களுக்கு வரம்பாக அமைகிறது.

இதற்கு மாறான வேட்டையையும் நம் மண் கண்டதுண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் நீலகிரியில் வேட்டை ஒரு பொழுதுபோக்காக வளர்ந்தது. விலங்குகள் அருகிப்போவதைக் கண்டு, வேட்டைக்காரர்களே 1877இல் ஒரு சங்கம் அமைக்கவும், 1879இல் அதற்கெனச் சட்டம் இயற்றப்படவும் வேண்டியதாயிற்று. அந்த வேட்டையில் துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தது. சுமை வேறொருவர் தலையில் இருந்தது. புதரை அடித்து விலங்கை விரட்டியவர்களும், மூட்டை முடிச்சுகளைத் தூக்கியவர்களும் உள்ளூர் ஏழைகள். கொம்பும் தோலும் மாளிகைச் சுவரை அலங்கரித்தன. கொல்லும் கையையும் சுமக்கும் தோளையும் பிரித்துவிட்டால், கொலைக்கு எல்லை எங்கே இருக்கும்?

இக்கேள்வியை வெள்ளைக்காரத் துரைகளோடு விட்டுவிட முடியவில்லை; அது நம் வாசலுக்கும் வருகிறது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம்மில் பலரின் கால்கள் நேரே இறைச்சிக் கடைக்குச் செல்கின்றன. அங்கே நாம் கேட்பது எடையும் விலையும்தான். விடியுமுன் எழுந்து ஆட்டை அறுத்தவர் யார், கால்கள் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்கியபடி இருசக்கர வண்டியில் அக்கோழிகள் எத்தனை தூரம் வந்தன என்று எவரும் கேட்பதில்லை. தேவையற்ற வேதனை தரும் வகையில் உயிர்களைக் கொண்டுசெல்வது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் நம் நினைவுக்கு வருவதில்லை. நாம் சுமப்பது ஒரு பையை மட்டுமே. அந்தப் பைக்குள் இருக்கும் உயிரின் பாரத்தை வேறு எவரோ சுமந்து முடித்துவிட்டார்கள். அவர்களை நாம் மதிக்கிறோமா என்றால், அதுவும் இல்லை. அறுக்கும் தொழிலை இழிவென்கிறோம், அறுத்ததை விருந்தென்கிறோம். எலி உண்பவர் என்று இருளரை ஏளனம் செய்யும் வாய்தான் கோழிக்காலைச் சுவைக்கிறது.

லேவியர் நூலின் பதினேழாம் அதிகாரத்தில், 13ஆம் வசனத்தில், வேட்டைக்காரருக்கென்றே ஒரு கட்டளை உண்டு. உண்ணத்தக்க விலங்கையோ பறவையையோ வேட்டையில் வீழ்த்தியவர் அதன் இரத்தத்தைத் தரையில் சிந்தி, மண்ணிட்டு மூட வேண்டும். கூடாரத்தில் பலியிடும்போது இரத்தத்தைக் கையாள ஆரோன் வழிவந்த குருக்கள் இருந்தார்கள். காட்டில் குரு இல்லை, பீடமும் இல்லை. அங்கே கொன்றவனே குனிந்து, மண்ணை அள்ளி, தான் எடுத்த உயிரை அடக்கம் செய்கிறான். உயிர் என்னுடையது அன்று, இறைவனுடையது என்று அவன் கை அறிக்கையிடுகிறது. அச்செயலை அவன் வேறொருவரிடம் ஒப்படைக்கக் கட்டளை இடம் தரவில்லை. இதற்கு எதிரிடையாக, எண்ணிக்கை நூலின் பதினோராம் அதிகாரத்தில் காடைகளை அளவின்றிக் குவித்த மக்களைக் காண்கிறோம். அந்த இடத்திற்குப் பேராசையின் கல்லறைகள் என்றே பெயராயிற்று.

இங்கே ஒரு மறுப்பு எழுவது இயல்பு. சுமந்தால் என்ன, சுமக்காவிட்டால் என்ன, செத்த மானுக்கு இரண்டும் ஒன்றுதானே? இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. அதனை நான் தள்ளிவிடவில்லை. சுமப்பது கொலையை அறமாக்கிவிடாது. உண்போர் இல்லையெனில் விற்போரும் இல்லை என்று வாதிட்டு, வாங்குபவரையும் பொறுப்பேற்கச் செய்த வள்ளுவரின் புலால் மறுத்தல் அதிகாரத்திற்கு இறைச்சி உண்ணும் நாம் முழுமையான மறுமொழி சொல்லிவிட்டோம் என்று என்னால் கூற இயலாது. நான் கூறுவது இவ்வளவே: சுமை ஒரு மன்னிப்பன்று, அது ஓர் அளவுகோல். எவ்வளவு எடுத்தோம், யாரிடமிருந்து எடுத்தோம் என்பதை அது மறக்கவிடாது. மறதிதான் தேவையைப் பேராசையாக்குகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இருளரின் எளிய வேட்டையைப் போற்றிவிட்டு, அவர்களை அந்த வறுமையிலேயே விட்டுவிடுவது அறமாகாது. பாம்புத்தோல் வாணிகம் நின்றபின், 1978இல் அவர்கள் அமைத்த கூட்டுறவுச் சங்கம், பிடித்த பாம்புகளின் நஞ்சை எடுத்துவிட்டு அவற்றை மீண்டும் காட்டில் விடுகிறது. கொன்று பிழைத்த திறமையையே உயிர்காக்கும் மருந்துக்கு உதவும் திறமையாக அவர்கள் மாற்றிக் காட்டினார்கள். 2023இல் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆனால் அவர்களின் உறவினர் பலர் இன்னமும் வீட்டுமனைப் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அலைகிறார்கள். வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை வெளிவட்டச் சாலை வந்துவிட்டது, வயல்கள் மனைகளாகின்றன. வயல் போனால் வளையும் போகும், வேட்டையும் போகும். பிறகு அவர்கள் எதை உண்பது என்பதும் நாம் சுமக்க வேண்டிய பாரமே.

இளைஞருக்கு நான் எழுதிய விடை சுருக்கமானது. குருக்கள் வேட்டையாடலாகாது என்று 1215ஆம் ஆண்டிலேயே நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. ஆகவே இது என் பட்டறிவுக்கு அப்பாற்பட்ட பொருள் என்று தொடங்கினேன். போவதும் போகாததும் உங்கள் மனச்சான்றின் முடிவு. போவதானால், ஒரே குண்டில் உயிர் பிரியும் என்ற உறுதி இல்லாதபோது விரலை எடுத்துவிடுங்கள். இறைச்சியில் ஒரு துண்டையும் காட்டில் விட்டு வராதீர்கள். கடைசிச் சுமையையும் உங்கள் முதுகிலேயே ஏற்றுங்கள். கொண்டுவந்ததில் ஒரு பங்கை இல்லாதவருக்குக் கொடுங்கள். இவற்றுள் ஒன்றுக்கேனும் மனம் இசையவில்லையென்றால் வீட்டிலேயே இருங்கள்.

மலையேறாத நமக்கும் இந்த நெறி பொருந்தும். திருமண விருந்திலும் திருவிழா அசனத்திலும் இலையில் எஞ்சிக் குப்பைக்குப் போகும் ஒவ்வொரு துண்டும், காட்டில் அழுகவிட்ட இறைச்சிக்கு ஒப்பானதே. உண்ணும் அளவுக்கே வாங்குவது, வெள்ளிக்கிழமை ஒறுத்தலை மீனைக் கொண்டு ஈடுசெய்யாமல் உண்மையான ஒறுத்தலாகக் கடைப்பிடிப்பது, கறிக்கடைக்காரரின் தொழிலை மதித்து அவரைப் பெயர் சொல்லி அழைப்பது, உயிரோடு வதைபட்டு வரும் கோழியை வேண்டாம் என்று சொல்வது ஆகியவை சிறு சுமைகள். ஐயாயிரம் பேர் வயிறார உண்ட பின்னும், எஞ்சியது வீணாகாதபடி சேர்த்துவைக்கச் சொன்ன ஆண்டவரின் சீடர்கள் நாம். அந்தப் பன்னிரண்டு கூடைகளையும் எவரோ சிலர் தோளில் தூக்கித்தான் சென்றிருக்க வேண்டும்.